வாரம் ஒரு படம்: வீட்டிலேயே போட்டோ எடிட்டிங் பழகலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், போட்டோ எடிட்டிங் கத்துக்கணும். எந்த கோர்ஸ்ல சேரலாம்?"

கொல்லிமலையில் குண்டனி நாட்டில் இருக்கும் ஆசிரியர் நண்பர் ஒருவரும் லேப்டாப் வாங்கிய கையோடு இதைத்தான் கேட்டார். (வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையில் ஊர்ப் பிரிவுகளுக்கு 'நாடு' என்றே பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று பல உண்டு. குண்டனி நாடு அவற்றில் ஒன்று.) கோர்ஸில் சேர வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளிக்கு வந்து, அங்கிருந்து நாமக்கல் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயணச் சிரமம் மட்டும் காரணமல்ல. முப்பது நாளில் முப்பது கருவிகளின் பெயரைக் கற்றுக் கொடுப்பார்கள். அடுத்த முப்பது நாளில் எல்லாம் மறந்து போகும். வாரத்துக்கு ஒரு படம், அந்தப் படத்துக்கு ஒரே ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. அது அந்த மலையின் மன்னனுக்குச் சரி. நமக்கு வாரம் ஒன்று போதும்.

அவர் தன் படங்களை வைத்துச் செய்த பயிற்சிகளைத்தான் கீழே தந்திருக்கிறேன். உங்களிடம் அருவிப் படம் இல்லாமல் இருக்கலாம். மூடுபனி இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டுப் படங்களில் அதே குறைகள் கட்டாயம் இருக்கும்.

என்ன சாப்ட்வேர்?

போட்டோஷாப் தெரிந்த பெயர். ஆனால் அதற்கு மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். பழகுவதற்கு கிம்ப் போதும். 1995-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய இலவச சாப்ட்வேர் இது. இதன் 3.0 பதிப்பு 2025-ல் வெளிவந்தது. கிம்ப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் 'இலவச கிம்ப்' என்று கிடைப்பவற்றோடு வேண்டாத விருந்தாளிகளும் சேர்ந்து வரலாம்.

முதல் வேலை: இரண்டு போல்டர்கள்

படத்தைத் திறப்பதற்கு முன் 'மூலம்' என்று ஒரு போல்டரும் 'வேலை' என்று ஒரு போல்டரும் உருவாக்குங்கள். செல்போனிலிருந்து வரும் படங்கள் மூலத்துக்குப் போகட்டும். எடிட் செய்ய வேண்டிய படத்தைக் காப்பி செய்து வேலை போல்டரில் போட்டு, அங்கேதான் திறக்க வேண்டும். மூலத்தில் இருக்கும் ஃபைலை எந்தக் காரணம் கொண்டும் கிம்ப்பில் திறக்காதீர்கள். மூலம் போல்டருக்கு ஒரு பென் டிரைவிலும் காப்பி இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பல வருடங்களுக்கு முன், என் தங்கை திருமணப் படம் ஒன்றை இமெயிலில் அனுப்புவதற்காக 640க்கு 480 என்று சிறிதாக்கி, அதே பெயரில் சேவ் செய்துவிட்டேன். மெமரி கார்டை அதற்கு முன்பே அழித்தாயிற்று. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சிரித்த ஒரே படம் அது. இன்றைக்கு அதைத் தபால் அட்டை அளவுக்குப் பிரிண்ட் போட்டால்கூட முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. சிறிதாக்கிய படத்தைப் பெரிதாக்கினால் போன விவரம் திரும்பி வராது.

கிம்ப்பில் இந்த ஆபத்து குறைவு. ஃபைல் மெனுவில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். லேயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். வேலை முடிந்த பின் 'எக்ஸ்போர்ட் அஸ்' கொடுத்து ஜேபெக் ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம். ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் குறையும் என்பதால், திருத்தம் எப்போதும் எக்ஸ்சிஎஃப்பில்தான்.

முதல் வாரம்: வெட்டுவது

கிராப் செய்வதில் கற்க என்ன இருக்கிறது என்று நண்பரும் கேட்டார். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் அவர் மகன் நிற்கும் படம். அதை ஐந்து காப்பி எடுத்து, ஐந்து விதமாக வெட்டச் சொன்னேன். ஒன்றில் பையன் மட்டும். ஒன்றில் பையனும் மரமும். ஒன்றில் மரம் முழுதாக, பையன் ஓரத்தில். முதல் மூன்று சுலபமாக வந்தன. நான்காவதற்கு அரை மணி நேரம் யோசித்ததாகச் சொன்னார். அந்த அரை மணி நேரம்தான் பாடம். எதை விடுவது என்று யோசித்தால்தான் படத்தில் என்ன இருக்கிறது என்பதே கண்ணில் படும்.

ஷிப்ட் விசையுடன் 'சி' அழுத்தினால் கிராப் கருவி வரும். மவுஸால் கட்டம் இழுத்து என்டர் தட்டினால் முடிந்தது. இதில் ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். செல்போன் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும். கடையில் போடும் 6க்கு 4 அங்குல பிரிண்ட் 3:2 விகிதம். 4000க்கு 3000 பிக்ஸல் உள்ள படத்தை அப்படியே கொடுத்தால் மேலும் கீழுமாகச் சேர்த்து 333 பிக்ஸல் வெட்டுப்படும். கடையில் இருக்கும் மெஷினுக்கு அது உங்கள் மாமாவின் தலை என்று தெரியாது. ஆகவே கருவி ஆப்ஷன்களில் 'ஃபிக்ஸ்டு' என்பதை டிக் செய்து, 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' தேர்ந்தெடுத்து 3:2 என்று கொடுத்து நாமே வெட்டிக்கொள்வது நல்லது.

படம் சாய்ந்திருந்தால் நிமிர்த்துவதும் இதே வாரத்தில். புத்தகங்களில் தொடுவானத்தை வைத்து நேராக்கச் சொல்வார்கள். மலையில் தொடுவானம் ஏது? எல்லாமே சரிவு. அங்கே மின்கம்பம், வீட்டின் சுவர் மூலை, திண்ணைத் தூண் போல நேராக நிற்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'மெஷர்' கருவியை எடுத்து அந்தத் தூண் நெடுக ஒரு கோடு இழுத்து 'ஸ்ட்ரெய்ட்டன்' பட்டனைக் கிளிக் செய்தால் படம் நிமிர்ந்துவிடும். ஓரங்களில் காலியாகும் மூலைகளைக் கிராப் செய்து விடுங்கள்.

இரண்டாம் வாரம்: மூடுபனி

காலையில் செம்மேடு போகும் வழியில் எடுத்த பள்ளத்தாக்குப் படம். நேரில் பார்த்தபோது அற்புதமாக இருந்தது; ஸ்கிரீனில் சாம்பல் கரைத்து ஊற்றியது போல இருந்தது. இந்த ஏமாற்றம் எல்லோருக்கும் வரும்.

'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' எடுங்கள். மலை போன்ற ஒரு வரைபடம் தோன்றும். இதன் பெயர் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. படத்தில் எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை அந்தந்த இடத்தின் உயரம் காட்டுகிறது. நண்பரின் படத்தில் மேடு 90-க்கு அருகே தொடங்கி 210-க்கு அருகே முடிந்துவிட்டது. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. படம் வெளிறிக் கிடந்ததன் காரணம் இதுதான்.

வரைபடத்தின் கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கும். கறுப்பு முக்கோணத்தை மேடு தொடங்கும் இடத்துக்கும், வெள்ளை முக்கோணத்தை மேடு முடியும் இடத்துக்கும் நகர்த்தினால் படம் பளிச்சென்று ஆகிவிடும். 'ஆட்டோ' பட்டனும் ஏறக்குறைய இதைத்தான் செய்யும்.

நண்பர் அப்படியே செய்து அனுப்பினார். மரங்கள் கறுகறுவென்று தெரிந்தன. ஆனால் மூடுபனியைக் காணவில்லை! அந்தப் பனிக்காகத்தானே வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்? எனவே மூன்று காப்பி செய்யச் சொன்னேன். ஒன்றில் கறுப்பு முக்கோணம் 30-ல், ஒன்றில் 60-ல், ஒன்றில் 90-ல். மூன்றையும் அன்றைக்குப் பார்க்கக் கூடாது. மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். மறுநாள் அவர் தேர்ந்தெடுத்தது 60. நானாக இருந்தால் 40-லேயே நிறுத்தியிருப்பேன். இதில் அவர் சொல்வதுதான் சரி, அந்தப் பனியில் நின்றவர் அவர்.

எடிட்டிங் பழகும் எல்லோருக்கும் முதலில் வரும் வியாதி, அளவுக்கு மீறிச் செய்வது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். ஒரு ராத்திரி ஆற விட்டால் தெரிந்துவிடும்.

கிம்ப் 3.0 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. லெவல்ஸ் போன்ற மாற்றங்கள் லேயரின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். லேயர் பெயர் அருகே 'எஃப்எக்ஸ்' என்ற குறி தெரியும். அதைக் கிளிக் செய்து எப்போது வேண்டுமானாலும் எண்களை மாற்றலாம்.

மூன்றாம் வாரம்: பச்சை முகம்

காப்பித் தோட்ட நிழலில் நின்றால் முகத்தில் இலையின் பச்சை விழும். நம் கண் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், கேமரா முழுதாகச் செய்யாது. லெவல்ஸ் டயலாக் பாக்ஸில் மூன்று சொட்டு மருந்துக் குழாய் போன்ற ஐகான்கள் இருக்கும். சாம்பல் நிறக் குழாயை எடுத்து, படத்தில் உண்மையில் நிறமில்லாத ஓரிடத்தில் கிளிக் செய்யுங்கள். நரைத்த முடி, சிமெண்ட் திட்டு, நிழலில் இருக்கும் வெள்ளை வேட்டி. பச்சை போய்விடும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியைக் கிளிக் செய்தால் மட்டும் முகம் மஞ்சளாகிவிடும். வேறு இடம் தேடுங்கள். இந்த வாரம் இவ்வளவுதான்.

நான்காம் வாரம்: ஆகாய கங்கை

அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கிப் போய் எடுத்த படம். அருவி வெள்ளைத் துணி தொங்கவிட்டது போல இருந்தது, பாறைகள் ஒரே இருட்டு. ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் மேடு வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அப்படி முட்டி 255 ஆகிப்போன இடத்தில் நீரின் இழை எதுவும் பதிவாகவில்லை. அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அடுத்த முறை படம் எடுக்கும்போதே செல்போன் திரையில் அருவியின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியன் குறியைக் கீழே இழுத்து, சற்று இருட்டாக எடுக்கச் சொன்னேன். எடிட்டிங் பழகுவதில் இப்படி ஒரு லாபம் உண்டு. படம் எடுக்கும் கை திருந்தும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி இறங்கிப் போய், அப்படியே எடுத்து வந்தார். (பேருக்கு எடிட்டிங் பாடம், முழங்காலுக்குத்தான் பயிற்சி.) இப்போது நீரின் இழைகள் தெரிந்தன, பாறைகள் மட்டும் இருட்டு. இங்கேதான் லேயர் தேவை. லேயர் மெனுவில் 'டூப்ளிகேட் லேயர்' கொடுங்கள். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் வைத்தாயிற்று. மேல் லேயரை 'கர்வ்ஸ்' மூலம் பாறைகள் நன்றாகத் தெரியும்வரை வெளிச்சமாக்குங்கள். அருவி கெட்டுப் போகும், கவலைப்பட வேண்டாம். அந்த லேயருக்கு 'ஆட் லேயர் மாஸ்க்' கொடுத்து 'பிளாக்' தேர்ந்தெடுங்கள். மேல் லேயர் முழுவதும் மறைந்துவிடும். இப்போது மிருதுவான பிரஷ், வெள்ளை நிறம் எடுத்துப் பாறைகளின் மேல் மட்டும் தடவுங்கள். தடவிய இடம் மட்டும் வெளிச்சமாகும். தவறி அருவியில் பட்டால் கறுப்பை எடுத்துத் தடவினால் பழையபடி மறையும். எதையும் அழிக்கவில்லை, திரை போட்டு மறைத்தோம், திரையை விலக்கினோம். இந்த ஒன்று கைவந்துவிட்டால் கடினமான படியைத் தாண்டிவிட்டீர்கள்.

ஐந்தாம் வாரம் புதிய படம் கிடையாது. முதல் வாரப் படத்தையே மீண்டும் மூலத்திலிருந்து எடுத்து, இதுவரை படித்ததையெல்லாம் வைத்துச் செய்ய வேண்டும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது அவமானமல்ல. போட்டோஷாப்பை உருவாக்கிய நால் சகோதரர்களில் ஒருவரான ஜான், 1987-ல் போரா போரா தீவின் கடற்கரையில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துத்தான், 1990-ல் அந்த சாப்ட்வேர் வெளிவருவதற்கு முன் பல இடங்களில் செயல்விளக்கம் காட்டினார். ஒரு நோட்டில் படத்தின் பெயர், என்ன குறை, எந்தக் கருவி, எந்த எண் என்று எழுதி வாருங்கள்.

பாட்டியின் படம்

இதற்கெல்லாம் பிறகுதான் நண்பர் தன் மனதில் இருந்ததைச் சொன்னார். வீட்டில் அவருடைய பாட்டியின் படம் ஒன்று இருக்கிறது. இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், கறுப்பு வெள்ளை. அந்த அம்மாவை எடுத்த ஒரே படம். மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, முகத்தில் மஞ்சள் கறையும் புள்ளிகளும். லேப்டாப் வாங்கியதே அதைச் சரிசெய்யத்தானாம். முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே ஆரம்பித்திருப்போம், கெடுத்தும் இருப்போம். நல்லவேளை.

முதலில் ஸ்கேன். படத்தைத் துணியால் துடைக்கக் கூடாது, தண்ணீர் படவே கூடாது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். ரெசல்யூஷன் 600 டிபிஐ. இரண்டரைக்கு மூன்றரை அங்குலப் படம் 1500க்கு 2100 பிக்ஸலாக வரும். பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 வீதம் கணக்கிட்டால் 5க்கு 7 அங்குலத்தில் தெளிவாகப் போடலாம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். காரணம் உண்டு. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியை அவ்வளவாக விழுங்காது. ஆகவே படத்தின் சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் கறை பெருமளவு மங்கிவிடும். கலர்ஸ் மெனுவில் 'காம்பொனன்ட்ஸ்', அதில் 'எக்ஸ்ட்ராக்ட் காம்பொனன்ட்', அதில் 'ஆர்ஜிபி ரெட்' தேர்ந்தெடுங்கள். 3.0 பதிப்பில் 'மெர்ஜ் ஃபில்டர்' என்பதை டிக் செய்துவிட்டு ஓகே கொடுங்கள். நண்பரின் படத்தில் பாதி வேலை இந்த ஒரு கிளிக்கிலேயே முடிந்தது. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கைதட்டினாராம்.

மிச்சம் புள்ளிகள். லேயரை டூப்ளிகேட் செய்துகொண்டு 'ஹீல்' கருவியை எடுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி பக்கத்தில் நல்ல இடம் ஒன்றைக் கிளிக் செய்து, பிறகு புள்ளியின் மேல் கிளிக் செய்தால் புள்ளி மறையும். பிரஷ் அளவு புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். புடவை ஓரம், கண் இமை போன்ற விளிம்புகளில் ஹீல் கசிந்து அழுக்காகும். அங்கே 'க்ளோன்' நல்லது. தினம் அரை மணிக்கு மேல் வேண்டாம். நண்பர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

முடிந்த படத்தை என்னிடம் காட்டினார். சுத்தமாக இருந்தது. பாராட்டினேன். அவர் அம்மாவிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்குத் தாடையில ஒரு மச்சம் இருக்குமே, அதைக் காணோமேப்பா" என்றார்.

பூஞ்சைப் புள்ளி என்று நினைத்து மச்சத்தையும் சேர்த்து அழித்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை, எப்படிக் கவனிப்பேன், அந்தப் பாட்டியை நான் பார்த்ததே இல்லை. நண்பருக்கும் நினைவு தெரியாத வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். அடியில் மூல லேயர் அப்படியே இருந்ததால் பிழைத்தோம். மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, இந்த முறை 'ஒயிட்' தேர்ந்தெடுத்து, தாடையில் அந்த இடத்தில் மட்டும் கறுப்பால் ஒரு தொடு. மச்சம் திரும்பி வந்தது. நான்காம் வாரம் பாறைக்குச் செய்த அதே வேலைதான்.

இந்த இடத்தில், ஒரே கிளிக்கில் பழைய படத்தைப் புதிதாக்கித் தரும் ஏஐ ஆப்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நண்பரின் மகன் செல்போனில் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். தோல் வழவழப்பாக, கண்கள் கூர்மையாக, அழகான ஒரு பெண்மணி வந்தார். அது அவன் கொள்ளுப்பாட்டி அல்ல. படத்தில் இல்லாத விவரத்தை அந்த ஆப்கள் ஊகித்து நிரப்புகின்றன. மரமோ மேகமோ ஆனால் பரவாயில்லை, முகத்தில் ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் கால ஸ்டூடியோக்காரர்களும் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து சுருக்கங்களை மறைத்தவர்கள்தான். ஆனால் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார். மச்சம் எது, தூசி எது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பழைய படத்தைத் தொடும் முன், அந்த முகத்தை நேரில் பார்த்தவர் வீட்டில் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஸ்கிரீனில் காட்டி, இது தழும்பா, கறையா, மூக்குத்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்கக்கூடியவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது எக்ஸ்சிஎஃப் ஃபைலைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக், குவாலிட்டி 90-க்குக் குறையாமல். 'ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்' என்று கடையில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் மூன்று வாரம் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சத்தை மெஷின் ஒரு நொடியில் மாற்றிவிடும். சட்டம் போடுவதானால் கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி சுற்றிலும் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மலையில் ஈரம் மறுபடியும் வரும்.

ஒன்று மறந்துவிட்டேன். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். நண்பரின் படத்துக்குப் பின்னால் பென்சிலில் ஏதோ எழுதி அழிந்திருந்தது. கண்ணுக்குப் புலப்படவில்லை. இரண்டாம் வாரம் செய்த லெவல்ஸை அதன்மேல் போட்டு, கறுப்பு முக்கோணத்தை நகர்த்திக்கொண்டே போனோம். பாதி வழியில் பாட்டியின் பெயர் தெரிந்தது. அதன் கீழே இன்னொரு வரி இருக்கிறது. நண்பர் இந்த வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.